டைப்பக்காவின் பூட்டு

மூலைக்கடை காலியாகிறது என்ற செய்தியை வாட்ச்மேன் மூச்சு வாங்க மூன்றாம் மாடிக்குக் கொண்டுவந்தபோது, டைப்பக்கா யாருடைய பென்ஷன் மனுவையோ பிரிண்டரிலிருந்து உருவிக்கொண்டிருந்தாள். மனுவைப் பிழை பார்த்து, உரியவரிடம் கொடுத்து, கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று விரலால் தொட்டுக் காட்டி அனுப்பினாள். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அந்த எடம் எனக்கு" என்றாள்.

கேட்டுப் பார்க்கலாமா, கிடைக்குமா, மற்றவர்கள் என்ன சொல்வார்களோ என்றெல்லாம் அவள் பேச்சுக்கு வால் இருக்காது. வாட்ச்மேனுக்கும் அது தெரியும். சரி என்று தலையை ஆட்டிவிட்டு, ஏறி வந்த களைப்பு தீர அங்கேயே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

அந்தக் கட்டடத்தில் டைப்ரைட்டர் சத்தம் ஓய்ந்து வெகுகாலமாகிறது. ஆனாலும் அவள் டைப்பக்காதான். அவளைவிட வயதில் மூத்த பல் டாக்டர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார். பத்தொன்பது வயதில், டைப் கற்றுக்கொள்ள முதல்முதலாக அந்தப் படியேறினாள். இப்போது அறுபதை எட்டப்போகிறாள். இடையில் வேறு எந்தக் கட்டடத்திலும் அவள் வேலை பார்த்ததில்லை. ஓர் ஆபீஸ் மூடினால் இன்னொரு மாடிக்கு ஏறுவாள், இல்லாவிட்டால் இறங்குவாள். "வேலை மாத்துறதுக்குப் பஸ் டிக்கெட்டே எடுக்காத ஒரே ஆளு என் பொண்டாட்டிதான்" என்று அவள் கணவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார். அவர் ரிட்டயரான பஸ் கண்டக்டர். உலகத்தையே டிக்கெட்டில் அளப்பவர்.

கட்டடத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கடைத்தெருவின் நட்ட நடுவில், இரண்டு தெருக்கள் முட்டிக்கொள்ளும் மூலையில் அது நிற்கிறது. கட்டியவர் மரக்கடை முதலாளி. மரத்தைத் தவிர வேறெதையும் நம்பாத மனுஷர். கீழே கிடங்கு, மேலே மூன்று மாடிகளிலும் பலகை அடுக்குவது என்பது அவர் திட்டம். அதற்காகப் படிக்கட்டை அத்தனை அகலமாகக் கட்டினார். நீளப் பலகையைத் தோளில் சுமந்து வரும் இரண்டு பேர் இடிக்காமல் திரும்ப வேண்டும் என்று, ஒவ்வொரு மாடியிலும் படி திரும்புகிற இடத்தில் ஒரு சின்ன வீடு கட்டலாம் என்கிற அளவுக்கு இடம் விட்டார். கடைசியில் ஒரு பலகைகூட மேலே ஏறவில்லை. கட்டடம் முடிவதற்குள் கடைத்தெருவில் ஆபீஸ் அறைக்கு அடிதடி நடந்தது. மரத்தைவிட மனுஷர்களை அடுக்குவதில் லாபம் அதிகம் என்று முதலாளிக்குப் புரிய ஒரு வாரம்கூட ஆகவில்லை. அவருக்கு மூளை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் எழுத்து வேலை என்றால் அவருக்கு வேப்பங்காய். ஒப்பந்தம், பத்திரம், ரசீது எதுவும் கிடையாது. அறை வேண்டும் என்று வருகிறவரிடம், "பூட்டு இருக்கா?" என்று கேட்பார். இருக்கிறது என்றால், "போய் மாட்டு" என்பார். அவ்வளவுதான் குடிவைப்பு. கதவில் உன் பூட்டு தொங்குகிற வரை அறை உன்னுடையது. காலி செய்கிற அன்று பூட்டைக் கழற்றிக்கொண்டு போய்விட வேண்டும். பூட்டில்லாத கதவு என்றால் காலி அறை. அடுத்து யார் பூட்டு முதலில் ஏறுகிறதோ அவர் ஆள். மாதம் பிறந்தால் வாடகை வந்துவிட வேண்டும், வேறெதுவும் அவர் கேட்க மாட்டார்.

இதில் இன்னொரு பாதியும் உண்டு. அடுத்தவன் பூட்டை யாரும் தொடக் கூடாது. முதலாளியும் தொட மாட்டார். பேனா விற்கிற ஒருவர் பூட்டை மாட்டிவிட்டு ஊரை விட்டே காணாமல் போனபோது, உடைத்துவிடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். முதலாளி காதில் போட்டுக்கொள்ளவில்லை. வருஷக்கணக்கில் அந்த அறை சும்மா கிடந்தது. ஒருநாள் பேனாக்காரர் வந்தார், சாவியைப் போட்டார், திறந்தார், தூசி தட்டினார், வியாபாரத்தை ஆரம்பித்தார். பேனாவெல்லாம் காய்ந்து போயிருந்தது வேறு விஷயம். அன்றிலிருந்து அந்தக் கட்டடத்தில் பூட்டுக்கு இருக்கிற மரியாதை பூட்டின் சொந்தக்காரனுக்குக்கூடக் கிடையாது.

டைப்பக்கா படித்த டைப் இன்ஸ்டிட்யூட் இரண்டாம் மாடியில் இருந்தது. அங்கே கற்ற கையோடு மூன்றாம் மாடி ஷிப்பிங் ஏஜென்ட்டிடம் சேர்ந்தாள். கப்பல் எதையும் அவள் கண்ணால் பார்த்ததில்லை, ஆனால் எந்தக் கப்பலில் என்ன சரக்கு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே புது ஆபீஸ்கள் வந்ததும் ஏஜென்ட் இடம் மாறினார். அவள் முதல் மாடி இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு இறங்கினாள். அதுவும் போயிற்று. இன்ஸ்டிட்யூட் மூடி, அதே அறையில் பல் டாக்டர் வந்தார். அவரிடம் சீட்டுக் கொடுத்து ஆளை உட்காரவைக்கிற வேலை. தான் விரல் பழகிய அறையில் ஜனங்கள் வாயைப் பிளந்துகொண்டு கிடப்பதைப் பார்க்க அவளுக்குச் சிரிப்பாக வரும். அப்புறம் டிராவல்ஸ். அப்புறம் கம்ப்யூட்டர் சென்டர். அதுவும் ஒருநாள் பூட்டைக் கழற்றிக்கொண்டு போனபோது, இனி யாரிடமும் கைகட்டி நிற்பதில்லை என்று முடிவு கட்டினாள். மூன்றாம் மாடியில் படி திரும்புகிற இடத்தில் ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஓர் இரும்பு அலமாரி. அலமாரியில் பச்சைப் பெயின்ட் அடித்த அவளுடைய பூட்டு. மனு, பத்திரம், விண்ணப்பம், முறையீடு எது வேண்டுமானாலும் அடித்துக் கொடுப்பாள். சுற்றிலும் அரசாங்க ஆபீஸ்கள், அதனால் தலைக்கு மேல் வேலை.

அதே படிதான் இப்போது பகையாகிவிட்டது. லிஃப்ட் என்ற பேச்சை எடுத்தபோதெல்லாம், "படி இருக்கும்போது பெட்டி எதுக்கு?" என்று முதலாளி வாயை அடைத்துவிடுவார். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். டைப்பக்காவின் முட்டி இங்கேயே இருக்கிறது. எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "படியா, முட்டியா, ஏதாவது ஒண்ணை முடிவு பண்ணுங்க" என்றார். பாங்க்கில் வேலை பார்க்கிற மகள், டாக்டர் வாயிலிருந்து அது வருவதற்காகவே காத்திருந்த மாதிரி, தன் வீட்டில் ஓர் அறையை ஒழித்துவிட்டாள். ஜன்னலோரம் நாற்காலி, காலுக்கு முக்காலி, எதிரே டிவி.

"போதும்மா. நாப்பது வருஷமா ஓடினது போதும். இங்க வந்து நிம்மதியா உக்காரு."

மகள் சொன்னதில் பாசம்தான் இருந்தது. டைப்பக்கா அந்த நாற்காலியில் உட்கார்ந்துகூடப் பார்க்கவில்லை. கணவரைப் பார்த்தாள். அவர் மகளுக்குக் கேட்காமல், "ரெண்டு பேரும் பகல் முழுக்க ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்த்துக்கிட்டு உக்கார்ந்தா கொலைதான் விழும். நீ கீழ ஏதாவது எடம் பாரு" என்றார். அவரோடு இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியதற்கு இந்த ஒரு வார்த்தை போதும் என்று அவளுக்குத் தோன்றியது.

கீழே என்றால் மூலைக்கடை ஒன்றுதான். மற்றதெல்லாம் தலைமுறையாகப் பூட்டு மாறாத கடைகள். மூலைக்கடையில் இருந்த திரைத்துணிக்காரர் கடையை மூடிவிட்டு மகன் வீட்டோடு போகப்போகிறார். அந்த இடம் கிடைத்தால் தொழில் நிற்கும். கிடைக்காவிட்டால் முக்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு டிவி பார்க்க வேண்டியதுதான்.

கட்டடம் இப்போது முதலாளியின் பேரன் கையில். முப்பத்தைந்து வயதிருக்கும். மரியாதை தெரிந்த பிள்ளை, எல்லோரையும் உட்காரச் சொல்லிப் பேசுவார். டைப்பக்கா அவரிடம் நேராகவே கேட்டாள். "பார்க்கலாம் மேடம்" என்றார். பார்க்கலாம் என்று எத்தனை பேர் சொல்லி அவள் டைப் அடித்திருக்கிறாள். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கா தெரியாது. செல்போன் கம்பெனி ஒன்று மூலைக்கடைக்கு நூல் விட்டுக்கொண்டிருக்கிறது என்ற தகவலும் வாட்ச்மேன் வழியாக வந்து சேர்ந்தது.

திரைத்துணிக்காரர் காலையில் கடைசி மூட்டையை வண்டியில் ஏற்றினார். கையில் பூட்டோடு மூன்றாம் மாடி வரை ஏறி வந்து, "கழட்டிட்டேன் டைப்பக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். டைப்பக்கா அலமாரியிலிருந்து பச்சைப் பூட்டைக் கழற்றினாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கினாள். மூலைக்கடைக் கதவு சாத்திக் கிடந்தது. கொண்டி வெறுமையாக இருந்தது. பூட்டை மாட்டி அழுத்தினாள். 'டக்' என்ற அந்தச் சத்தத்தில் அவளுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, ஒருவருக்காகப் பதிவு ஆபீசில் காகிதம் கொடுக்க வேண்டியிருந்ததால் அப்படியே கிளம்பிப் போனாள். பதிவு ஆபீசில் போன் மணியடித்தால் எரிந்து விழுவார்கள் என்று போனின் வாயையும் அடைத்து வைத்தாள்.

திரும்பி வந்தபோது மூலைக்கடை வாசலில் கூட்டம். வாட்ச்மேன், பல் டாக்டர், கூரியர்காரர்கள், காகிதமும் கையுமாக அவளைத் தேடி வந்த நாலைந்து பேர். விஷயம் அதற்குள் பரவி வாழ்த்துச் சொல்லக் கூடிவிட்டார்கள் என்று நினைத்து, டைப்பக்கா தூரத்திலேயே முகத்தைச் சிரித்தாற்போல் வைத்துக்கொண்டாள்.

"அக்கா, சாவிய எடுங்க முதல்ல" என்றார் வாட்ச்மேன்.

"எதுக்கு இவ்வளவு அவசரம்?"

"உள்ள ஆள் இருக்கு."

"யாரு?"

"ஓனர்."

நடந்தது இதுதான். திரைத்துணிக்காரர் பூட்டைக் கழற்றிக்கொண்டு மேலே ஏறிய நேரத்தில் பேரன் வந்திருக்கிறார். செல்போன் கம்பெனிக்காரர்கள் இடம் பார்க்க வருவதாக இருந்ததால், தெருச் சத்தம் வேண்டாம் என்று கதவைச் சாத்திவிட்டு உள்ளறையில் போனில் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். பேசி முடித்து வந்து இழுத்தால் கதவு வரவில்லை. ஜன்னலெல்லாம் கம்பி. படிக்கட்டுப் பக்கத்துக் கதவைத் திரைத்துணிக்காரர் எந்தக் காலத்திலோ பலகை அடித்து அலமாரியாக்கிவிட்டார். வாட்ச்மேனுக்குப் போன் போட்டார். வாட்ச்மேன் வந்து பார்த்தார். "சார், இது டைப்பக்கா பூட்டு" என்றார்.

"யார் பூட்டா இருந்தா என்ன, உடைங்க."

"அது எப்படி சார்? உங்க தாத்தாவே யார் பூட்டையும் தொட்டதில்ல."

"நான் சொல்றேன், உடைங்க."

"அக்கா வந்திரட்டும் சார்."

பல் டாக்டர் இறங்கி வந்து, கதவில் வாயை வைத்து, "தம்பி, பதறாதீங்க. வாயை நல்லாத் திறந்து மூச்சு விடுங்க" என்று தமக்குத் தெரிந்த வைத்தியத்தைச் சொன்னார். அவரும் பூட்டைத் தொடவில்லை. டைப்பக்காவின் ஆட்கள் வேறு ஒவ்வொருவராக வந்து, பச்சைப் பூட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டார்கள். கணவரின் பென்ஷன் காகிதத்தோடு வந்த ஒரு பாட்டியம்மா, "கீழயே வந்துட்டாளா? மகராசி, இனிமே ஏற வேண்டாம்" என்று வாசற்படியில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள்.

உள்ளே இருந்து, "அம்மா, நான் மாட்டிக்கிட்டு இருக்கேன்" என்று குரல் வந்தது.

"சரிப்பா. நானும் அவளுக்காகத்தான் உக்கார்ந்திருக்கேன்" என்றாள் பாட்டியம்மா.

செல்போன் கம்பெனிக்காரர்கள் அளவெடுக்கிற டேப்போடு வந்தார்கள். பேரன் உள்ளே இருந்தபடியே இடத்தின் அருமை பெருமைகளைக் கத்திச் சொல்லியிருக்கிறார். அவர்கள் கொஞ்ச நேரம் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "ஓனரே வெளிய வர முடியாத எடத்துக்குள்ள நாங்க எப்படி வர்றது?" என்று ஒருவர் கேட்டார். யாரோ சிரித்துவிட்டார்கள். கம்பெனிக்காரர்கள் போய்விட்டார்கள்.

இத்தனையையும் வாட்ச்மேன் ஒரே மூச்சில் கொட்டினார். டைப்பக்காவுக்குக் காது சூடாகிவிட்டது. பூட்டைத் திறந்தாள். வெள்ளைச் சட்டை முழுக்கப் பஞ்சும் நூலும் ஒட்ட, பேரன் வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். கோபத்தில் முகம் சிவந்திருந்தது. டைப்பக்கா உள்ளே போய்த் தன் தண்ணீர் பாட்டிலை முதலில் நீட்டினாள். அவர் வாங்கிக் குடித்தார்.

"என்ன மேடம் இது?"

"உள்ள யாராவது இருக்காங்களான்னு ஒரு குரல் கொடுக்காமப் பூட்டிட்டேன். தப்புதான் தம்பி. அதுக்கு மன்னிப்புக் கேக்கறேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "பூட்டு போட்டதுக்குக் கேக்க மாட்டேன்."

"இந்த எடத்தை உங்களுக்குத் தர்றேன்னு நான் எப்ப சொன்னேன்?"

"தரமாட்டேன்னும் சொல்லலையே. வேண்டாம்னு மூஞ்சிக்கு நேரா சொல்லியிருந்தா பூட்டைக் கையிலயே எடுத்திருக்க மாட்டேன். மேல இருக்கிற ஒவ்வொருத்தரும் இப்படித்தான் பூட்டு மாட்டி வந்தாங்க. கொண்டி காலியா இருந்துச்சு, மாட்டினேன்."

"அவங்க பெரிய கம்பெனி மேடம். எவ்வளவு நாளாப் பேசிக்கிட்டு இருந்தேன் தெரியுமா?"

"பெரிய கம்பெனிதான். ஷிப்பிங் பெரிய கம்பெனி. இன்ஷூரன்ஸ் அதைவிடப் பெருசு. டிராவல்ஸ்காரங்க இருந்த இருப்புக்கு உங்க தாத்தாவே எழுந்து நின்னு பேசுவார். எல்லாருக்கும் நான் டைப் அடிச்சிருக்கேன். அத்தனை பேரும் போயிட்டாங்க தம்பி. நான் போகல. அவங்க தர்றேன்ன வாடகையை நானும் தர்றேன். ஓசியில கேக்கல."

சொல்லிவிட்டாளே தவிர, அதற்கு மேல் அவள் கையில் வேறெதுவும் இல்லை. இந்தப் பிள்ளை இப்போது முடியாது என்று சொன்னால் பூட்டைக் கழற்றிக்கொண்டு போக வேண்டியதுதான். அது அவளுக்குத் தெரியும். பிடிவாதம் பண்ணுகிற ஆள் இல்லை அவள். அந்த மூன்று மாடியையும் இனி ஏற முட்டியிலும் தெம்பு இல்லை.

பேரன் சட்டையில் ஒட்டிய நூலை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார். வாசற்படியிலிருந்து பாட்டியம்மா, "உங்க பேச்சு முடிஞ்சுதா? எனக்கு பஸ் போயிடும்" என்றாள்.

பேரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

"இவ்வளவு நேரம் உள்ள கெடந்து கத்தறேன். கதவுக்கு வெளிய எத்தனை பேர் வந்தாங்க. ஒருத்தர்கூட என்னைத் தேடி வரலை. எல்லாரும் உங்களைத்தான் கேட்டாங்க" என்றார். அப்புறம் அறையை மேலும் கீழும் ஒரு தடவை பார்த்துவிட்டு, "சரி, வச்சுக்குங்க" என்றார்.

டைப்பக்கா சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"ஆனா ஒண்ணு. இந்தப் பூட்டு விவகாரமெல்லாம் தாத்தாவோட போகட்டும். இனிமே எல்லாருக்கும் எழுத்துலதான். உங்களுக்கு ஒரு வருஷம் போட்டுக்குவோம்."

"அஞ்சு போடுங்க."

"அஞ்சா? அதுக்குள்ள உங்களுக்கு..." என்று ஆரம்பித்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அறுபத்தி மூணு ஆகும். தாராளமாச் சொல்லுங்க, நான் ஒளிக்கல. எண்பது வயசுல உங்க தாத்தா தினம் மூணு மாடி ஏறி வந்தார். எனக்கு இனிமே ஏறுறதுக்குப் படியே இல்ல. வெளக்கத்தை விடுங்க, அஞ்சு போடுங்க."

"நீங்களே டைப் பண்ணிடுங்க. வந்து கையெழுத்துப் போடறேன்" என்று சொல்லிவிட்டு, பேரன் படியில் உட்கார்ந்திருந்த பாட்டியம்மாவைச் சுற்றிக்கொண்டு வெளியே இறங்கிப் போனார். வாட்ச்மேன் சலாம் வைத்தார். அவர் பதிலுக்கு முறைத்தார். பூட்டை உடைக்காத குற்றத்தை இன்னும் மன்னிக்கவில்லை போலிருந்தது.

டைப்பக்கா போனை எடுத்து மகளுக்குப் போட்டாள்.

"எனக்குன்னு ஒழிச்ச ரூம்ல உன் சாமானைத் திரும்ப வச்சுக்கோ."

"கிடைச்சிடுச்சாம்மா?" என்றாள் மகள். அவள் குரலில் சந்தோஷம் இருந்தது, கொஞ்சம் ஏமாற்றமும் இருந்தது.

"கிடைக்கல. எடுத்தேன்" என்றாள் டைப்பக்கா.

போனை வைத்தாள். திரைத்துணிக்காரர் விட்டுப்போன பழைய ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எந்த மாடிக்கும் இனி அவள் ஏற வேண்டியதில்லை. அந்தச் சந்தோஷம் கண்ணில் தண்ணீராக வந்தது. யாரும் பார்க்காமல் துடைத்துக்கொள்ளலாம் என்று முந்தானையைத் தேடினாள்.

"என்னம்மா, கடை திறந்தாச்சா?" என்று பாட்டியம்மா வாசலில் எட்டிப் பார்த்தாள்.

"திறந்தாச்சு. உள்ள வாங்க" என்று சொல்லி, டைப்பக்கா ஈரக் கண்ணோடு காகிதங்களை வாங்கக் கையை நீட்டினாள்.